கதிரையை விட்டு இறங்கின நீதவான்

ரூஜ், ஸ்காபரோ
1997 ஆடி, ஞாயிற்றுக்கிழமை

தம்பி,

நீ சுகமாய் இருக்கிறாய் எண்டு மருமகளாய் வரப்போற அனிற்றா சொல்லித்தான் அறிஞ்சன். உன்ர பேஜருக்கு அடிச்சு அடிச்சு எனக்கு விரல் தேஞ்சு போச்சு, நீ திருப்பி அடிக்கிறாயில்லை. மிசிசாகாவில சிநேகிதன்ர அப்பார்ட்மென்டில, கால் நீட்ட இடமில்லாத ஒரு சோபாவில படுத்து முதுகு முறியிறாய் எண்டும் கேள்விப்பட்டன். நல்லா வேணும். வாற சனி இல்லை, அதுக்கு அடுத்த சனி உனக்குக் கலியாணம். ஹோல் எடுத்தாச்சு, ஐயருக்குச் சொல்லியாச்சு, பாதருக்குச் சொல்லியாச்சு, கார்ட் எல்லாம் குடுத்து முடிஞ்சுது. மாப்பிள்ளையும் மாப்பிள்ளையின்ர தாயும் மட்டும்தான் ஒருத்தரோடை ஒருத்தர் கதைக்கிறேல்லை. உந்தக் கோவத்தை இப்பிடியே விட்டால் சேர்ச்சில ஒரு கதிரையும் மணவறையில ஒரு கதிரையும் வெறுமையாய்க் கிடக்கும். புத்திமதி சொல்ல வரேல்லை எண்டு எழுதினால் நீ சிரிப்பாய், வேறை என்னத்துக்கு ஒரு தகப்பன் கடிதம் எழுதிறான்? போனில சொன்னால் 'ஓகே அப்பா, ஓகே அப்பா' எண்டுபோட்டு வைச்சிடுவாய். கடிதத்தை அப்பிடி வைக்கேலாது.

நான் சொல்ல வந்தது அந்த நீதவானைப் பற்றி. கண்ணை உருட்டாதை. இத்தினை வருசமாய் நீ அந்தாளைப் பற்றி அரைகுறையாய்த்தான் கேட்டிருக்கிறாய், ஒருநாளும் முழுக்கக் கேட்கேல்லை.

எங்கடை அகதி வழக்குக்கு நாள் குறிச்ச காலம் உனக்கு நினைவிருக்கும், அப்ப நாங்கள் பேஸ்மென்டில இருந்தனாங்கள். யாழ்ப்பாணத்தில கோர்ட்டில கிளார்க்காய் இருந்த எனக்கு எங்கடை நீதவான்மாரைத் தெரியும், எவர் எந்தப் பக்கம் தலையைச் சரிச்சால் என்ன தீர்ப்பு வரும் எண்டும் தெரியும். இஞ்சத்தை ஆக்கள் எப்பிடி யோசிப்பினம் எண்டு ஒரு இழவும் தெரியாது. அந்த நேரம் பார்த்து லைப்ரரி வாசலில, கழிச்சு விட்ட புத்தகங்களுக்குள்ள, ஒரு நீதவான்ர வாழ்க்கை வரலாறு கிடந்தது. மட்டை கிழிஞ்சு, தலையணை மாதிரித் தடிப்பம். கடவுளாய்ப் பார்த்துத் தந்தது எண்டு தூக்கிக்கொண்டு வந்தன். வேலைக்குப் போற பஸ்ஸில அகராதியை மடியில வைச்சு வாசிச்சு, மூண்டாம் அத்தியாயம் முடியேக்கைதான் விளங்கிச்சு, ஆள் கனடாக்காரன் இல்லை, அமெரிக்கன் எண்டு. அதோடை மனுசன் செத்து நூறு வருசம். அம்மா விழுந்து விழுந்து சிரிச்சா. செத்தவரை வைச்சோ வழக்கு வெல்லப் போறியள் எண்டு கேட்டா. அதுக்குள்ள எனக்கு அந்தாளை விட மனம் வரேல்லை. வழக்கு நாளண்டு முன்னால இருந்தது கம்பளிச் சட்டை போட்ட ஒரு பொம்பிளை, தடிமன் பிடிச்சு மூக்கைத் துடைச்சுக்கொண்டு இருந்தா. நான் நூறு வருசத்துக்கு முந்தின ஆளுக்கு ஆயத்தமாய்ப் போனதால எழும்பிக் குனிஞ்சு 'மை லோர்ட்' எண்டன். சிரிப்பை மறைக்க அவ இருமினா. எங்களை இருக்க விட்டது அந்தச் சிரிப்புத்தான் எண்டு அம்மா இண்டைக்கும் சொல்லுவா.

நீதவான்ர பேரை நான் சொன்னால் நீ என்ர உச்சரிப்பைத் திருத்துவாய், ஆனபடியால் நீதவான் எண்டே எழுதிறன். அம்மா அவரை 'உங்கடை மச்சான்' எண்டுதான் சொல்லுறவ. ஆள் பிறந்தது அமெரிக்காவின்ர வடகிழக்கில, கல்லு விளையிற தோட்டத்தில. தகப்பன் கலப்பையைக் கையில குடுத்தால் கலப்பை ஒரு பக்கம் போகும், இவர் ஒரு பக்கம் போவார். உழவு சரிவராது எண்டு கண்டு பள்ளிக்கூடத்தில படிப்பிக்கப் போனார், பிறகு ஒரு வக்கீல்ர கந்தோரில அடுப்பு மூட்டி, காகிதம் பார்த்து எழுதி, அப்பிடியே சட்டம் படிச்சார். அந்தக் காலத்தில அதுதான் படிப்பு. சொந்தமாய்த் தொழில் தொடங்கினது மேற்கில, ஏரிக்கரையில, சேறு மட்டுமே தெருவாய்க் கிடந்த ஒரு சின்ன ஊரில. முதல் வழக்குக்குக் கட்சிக்காரன் காசுக்குப் பதிலாய்க் குடுத்தது ஒரு கொழுத்த பண்டி. பண்டியை வீட்டை கொண்டு போகேக்கை அது ஓடிப்போய் எதிர்க்கட்சி வக்கீல்ர வளவுக்குள்ள பூந்திட்டுதாம். அதுக்கு ஒரு வழக்கு.

பிறகு எலக்சன் கேட்டுத் தோத்தார். திரும்பவும் கேட்டுத் திரும்பவும் தோத்தார். தோத்தவனுக்கும் ஒரு கூட்டாளி இருப்பான்தானே, அவன் வொஷிங்டனில பெரிய ஆளாய் வர, ஜனாதிபதி இவரைப் பெடரல் நீதவானாய்ப் போட்டார். ஊர்ச் சண்டை பார்க்கிற நீதவான் இல்லை, முழு நாட்டின்ர சட்டத்தையும் பார்க்கிறவர். ஒருக்கா ஏறி இருந்தால் சாகுமட்டும் ஆரும் இறக்கேலாது. எங்கடை நீதவான்மாரை ஒரு தந்தியில இடம் மாத்திறதைப் பார்த்தவன் நான், அதை வாசிச்ச அண்டு பஸ்ஸில இறங்க வேண்டிய இடத்தையும் விட்டிட்டன். ஆனால் பெரிய பதவி எண்டு நினையாதை. முதல் கோர்ட் ஒரு பலசரக்குக் கடைக்கு மேல. கீழை உப்பு மீன் மணக்க, மேலை ஜூரிமார் பசியில தீர்ப்பைக் கெதியாச் சொல்லிப்போட்டு ஓடுவினமாம். வருசத்தில அரைவாசி நாள் குதிரையில, ஸ்னோவுக்குள்ள, ஊர் ஊராய்ப் போய் வழக்குக் கேட்க வேணும். சத்திரத்தில கட்டில் காணாது. பகலில எதிரெதிராய்க் குளறின ரெண்டு வக்கீல்மாருக்கும் நடுவில, ஒரே போர்வைக்குள்ள, நீதவான் படுத்திருப்பார். ஆற்றை குறட்டை மோசம் எண்டதுக்கு மட்டும் அவர் ஒருநாளும் தீர்ப்புச் சொல்லேல்லை.

எனக்கு ஆகச் சிரிப்பு வந்த முசுப்பாத்தி என்னெண்டால், அவருக்கு வந்த பெரிய வழக்கு ஒரு கலப்பை வழக்கு. ரெண்டு கொம்பனிகள், இது நான் கண்டுபிடிச்ச கலப்பை, இல்லை நான் கண்டுபிடிச்சது எண்டு அடிபாடு. கலப்பை பிடிக்கத் தெரியாத மனுசன் தீர்ப்புச் சொல்ல வேணும். என்ன செய்தார் தெரியுமோ? ரெண்டு கலப்பையையும் வயலுக்குக் கொண்டு வரச் சொல்லி, கோட்டைக் கழட்டி வைச்சிட்டு, தானே ரெண்டையும் பிடிச்சு உழுதார். ஊர் முழுக்கக் கூடி நிண்டு சிரிச்சுது. ரெண்டிலயும் விழுந்தார். எதில மெதுவாய் விழுந்தாரோ அதுதான் புதுசு எண்டு தீர்ப்பு.

இன்னொரு வழக்குச் சிரிக்கிற வழக்கில்லை. அடிமையாய் இருந்து தப்பி வந்த ஒருத்தனைப் பிடிச்சுக்கொண்டு வந்து முன்னால விட்டினம். அவனைத் திருப்பிக் குடுக்க வேணும் எண்டது அந்த நாட்டின்ர சட்டம். சத்தியம் செய்து ஏறின நீதவான் அதை இல்லை எண்டு சொல்லேலாது, ஓம் எண்டு சொல்ல வாய் வரேல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு எண்டு எழும்பிப் போனவர் பொழுது சாயுமட்டும் சாப்பிட்டார். வந்து பார்த்தால் ஆள் இல்லை. ஆரோ படகில ஏத்தி ஏரிக்கு இஞ்சால, கனடாப் பக்கம் விட்டிட்டினம். புத்தகம் எழுதினவர் இதுக்கு நீதவானைத் தாறுமாறாய்ப் பேசுறார். கோழை, சட்டத்தை மதிக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை எண்டு. அந்தப் பக்கத்தை வாசிச்ச அண்டு, ஏரிக்கு இஞ்சால இருந்த எனக்குக் கண் கலங்கிப் போச்சு. என்னைப் பொறுத்தவரை அதைவிட நல்ல சாப்பாடு ஒருத்தரும் சாப்பிட்டிருக்க மாட்டினம்.

இனி என்ர பதவிக்கு வாறன். இஞ்சை எனக்கு 'ஜட்ஜ் அங்கிள்' எண்டு பேர் வந்ததுக்கு நான் பொறுப்பில்லை. கோர்ட்டில இருந்தவர் எண்டு ஆரோ சொல்லிவிட, அப்பார்ட்மென்டில ஒரு குளிர்காலம் முழுக்க வழக்குத்தான். ஸ்னோ வழிச்ச பார்க்கிங் இடம் வழிச்சவனுக்கோ, பின்னால வந்து காரை விட்டவனுக்கோ? பேஸ்மென்டில இருக்கிறவை ஹீற்றரைக் கூட்டினால் மேலை இருக்கிறவை வேர்க்கிறது ஆற்றை பிழை? வழிச்சவனுக்கு இடம், வந்து விட்டவன் அடுத்த ஸ்னோவை வழிக்க வேணும் எண்டன். ஹீற்றர் விசயத்தை வீட்டுக்காரன்ர மனுசியின்ர கையில குடுத்திட்டன், அண்டோடை ரெண்டு பகுதியும் வாயைத் திறக்கேல்லை. கொம்பனியில விமானச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கிற மனுசனுக்கு, வீட்டை வர நாலு பேர் எழும்பி நிண்டால் எப்பிடி இருக்கும்? நல்லாத்தான் இருந்தது. பொய் சொல்லேல்லை.

அப்பிடி இருக்கேக்கைதான் உன்ர கலியாணக் கதை வந்தது. பொம்பிளை பகுதி மன்னார்க் கத்தோலிக்கர், நாங்கள் சைவம், சரி, சேர்ச்சிலயும் செய்யிறது, மணவறையிலயும் செய்யிறது எண்டு உன்ர மாமனார் அருளப்பு அண்ணையும் நானும் ஒரு தேத்தண்ணியோடை முடிவெடுத்தம். மோதிரம் அங்கை, தாலி இஞ்சை எண்டு நாங்கள் நினைச்சம். அவையின்ர குடும்பத்திலயும் சேர்ச்சில பீடத்துக்கு முன்னால தாலி கட்டிறது வழக்கம் எண்டது அம்மாவுக்குத் தெரியாது. மணவறையில அக்கினிக்கு முன்னால கட்டினால்தான் தாலி எண்டு எங்கடை ஆக்கள் சொல்லுவினம் எண்டது அனிற்றாவின்ர தாய்க்குத் தெரியாது. ஒரு கழுத்தில ஒருக்காத்தான் தாலி ஏறும். அது எங்கை ஏறுறது? இது ஸ்னோவும் இல்லை, ஹீற்றரும் இல்லை. ரெண்டு பகுதியும் என்னைத்தான் பார்த்தினம். உன்ர மாமனார் கூட, அண்ணை, நீங்கள் எதைச் சொன்னாலும் நாங்கள் கட்டுப்படுறம் எண்டார்.

நான் சந்தோசப் புளுகத்தில மிதந்தன். பஸ்ஸில இருந்து தீர்ப்பை மனசுக்குள்ள எழுதினன். காலையில ஒரு தீர்ப்பு, பின்னேரம் வீட்டை வர இன்னொரு தீர்ப்பு. காலைத் தீர்ப்பில அம்மா வெல்லுவா, பின்னேரத் தீர்ப்பில அருளப்பு அண்ணை வெல்லுவார். பிறகு ஒருநாள் பஸ்ஸில நீதவான்ர கடைசி அத்தியாயங்களைத் திரும்பப் புரட்டினன். ஏரியில ரெண்டு கப்பல் மோதின வழக்கு. ஒரு கப்பலின்ர கப்டன் இவரின்ர மருமகன். மகள் ஓடி வந்து அழுதாள். மருமகன் பக்கம் சாய்வார் எண்டு அரைவாசி ஊர் சொல்லிச்சு, நேர்மையைக் காட்ட மருமகனை வேணுமெண்டு தோற்கடிப்பார் எண்டு மற்ற அரைவாசி சொல்லிச்சு. வழக்கண்டு அவர் கதிரையை விட்டு இறங்கினார். நான் இவன்ர மாமன், எனக்கு இதில கண் நேராய்த் தெரியாது எண்டு சொல்லி, பக்கத்து மாவட்ட நீதவானைக் கூப்பிட்டுவிட்டு, தொப்பியை மடியில வைச்சுக்கொண்டு சனத்தோடை சனமாய்ப் பின் வரிசை வாங்கில இருந்தார். மருமகன் தோத்தான். மகள் கனநாள் தகப்பனுக்கு முகம் குடுக்கேல்லை. பிறகு குடுத்தாள்.

அண்டைக்கு ரெண்டு பகுதியும் எங்கடை முன்னறையில கூடி இருக்க, நான் சொன்னது உனக்கு நினைவிருக்கும். "நான் இவன்ர தேப்பன். இதில நான் ஜட்ஜ் இல்லை, நானும் ஒரு கட்சிக்காரன். இறங்கிறன்." சொல்லிப்போட்டு உண்மையாவே எழும்பி, அந்தப் பெரிய கதிரையை விட்டிட்டுப் போய் உன்ர பக்கத்தில நிலத்தில இருந்தன். முழங்கால் முறிஞ்சுது, ஆனால் இருந்தன். அம்மாவுக்குப் பத்திக்கொண்டு வந்தது. உலகத்துக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லுறியள், சொந்தப் பிள்ளைக்கு மட்டும் வாய் அடைச்சுப் போச்சோ, ஊருக்குத்தானோ உபதேசம் எண்டு சம்மந்திக்கு முன்னாலயே வாங்கிக் கட்டினன். அப்பதான் எனக்கு இன்னொண்டு விளங்கிச்சு. இத்தினை நாளும் இத்தினை பேர் வாதாடினம், தாலி ஆற்றை கழுத்தில ஏறுதோ அந்தப் பிள்ளையை ஒருத்தரும் ஒரு சொல்லுக் கேட்கேல்லை.

நான் திரும்பி அனிற்றாவைக் கேட்டன், அவள் முதலே ஆயத்தமாய் இருந்தவள் போலை. "மாமா, சேர்ச்சில மோதிரம் மாத்திறம். தாலி மணவறையிலயே ஏறட்டும். ஆனா அண்டு காலமை அந்தத் தாலியைப் பாதர் ஆசீர்வதிக்க வேணும். மாமிதான் அதைத் தட்டில வைச்சு சேர்ச்சுக்குக் கொண்டு வர வேணும்." அவ்வளவுதான். அருளப்பு அண்ணை கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். அனிற்றாவின்ர தாய், தங்கடை பக்கம்தான் கூட விட்டுக்குடுத்தது எண்டாலும், சம்மதமெண்டு தலையை ஆட்டினா. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்குள்ள போனா. நீ பின்னால போனாய். பேந்து நடந்தது எனக்குக் கேட்டது மட்டும்தான். நான் ஹோலில நிக்கிறன், வேறை ஆரும் கொண்டு போகட்டும் எண்டு அம்மா சொன்னா. "அம்மா சேர்ச்சுக்கு வராட்டி நான் மணவறைக்கு வரமாட்டன்" எண்டு நீ சொன்னாய். கார்த் திறப்புக் கொத்துக் கிலுங்கின சத்தம், கதவு அடிச்ச சத்தம்.

தம்பி, உன்ர கோவம் எனக்கு விளங்குது. ஒரு பிள்ளை இவ்வளவு வடிவாய் வழி சொல்ல, உன்ர தாய் முகத்தைத் திருப்பினது உனக்கு வெக்கமாய்ப் போச்சு. எனக்கும்தான். ஆனால் நீ அந்தக் குசினியில என்ன செய்தாய் எண்டு ஒருக்கா யோசிச்சுப் பார். வழக்குப் போட்டதும் நீ, சாட்சியும் நீ, தீர்ப்புச் சொன்னதும் நீ, கதவை அடிச்சுத் தண்டனையும் குடுத்திட்டாய். ஏன் வரேல்லை எண்டு அவவை ஒரு கேள்வி கேட்டியோ? நானும் கேட்கேல்லை, கேட்டால் என்ர வாயால திரும்பவும் ஒரு தீர்ப்பு வந்திடும் எண்டு பயம். அவவும் தான் பிடிச்ச முயலுக்கு மூண்டு கால் எண்டு நிக்கிற மனுசிதான், நீ ஆற்றை பிள்ளை எண்டு எனக்குச் சந்தேகமே இல்லை. ஒண்டு மட்டும் நம்பு. கலியாணம் எண்டுறது தினமும் வழக்கு வாற இடம். தேத்தண்ணியில சீனி காணாது எண்டு ஒரு வழக்கு, உன்ர தாய் இப்பிடிச் சொன்னா எண்டு ஒரு வழக்கு. அதில ஏறி இருந்து தீர்ப்புச் சொன்ன ஒருத்தனும் நிம்மதியாய்ச் சாப்பிட்டதில்லை. உனக்குச் சொந்தமான சண்டையில நீ ஜட்ஜ் இல்லை. இறங்கி நிலத்தில இரு. முழங்கால் நோகும், பரவாயில்லை.

நீதவான்ர முடிவையும் சொல்லிவிடுறன், இல்லாட்டிப் புத்தகம் அரைவாசியில நிண்ட மாதிரி. கிழவனாய் வர அவருக்குக் காது அடைச்சுப் போச்சு. சாகுமட்டும் இறக்கேலாத பதவி எண்டபடியால் ஆளும் இறங்கிற எண்ணம் இல்லை. வக்கீல்மார் மேசையில ஏறாத குறையாய்க் குளறுவினமாம். கடைசியாய் மனுசிதான் ஒரு கடுதாசியில எழுதிக் காட்டினாவாம், கோர்ட்டில கேட்காதது புதுசு, என்னை நீர் கேட்காமல் விட்டு எத்தினை வருசம் எண்டு. அடுத்த கிழமை பதவியை விட்டிட்டார். அதுக்குப் பிறகு அவ கதைக்கேக்கை பக்கத்தில கதிரையை இழுத்துப் போட்டு, கையைக் காதில குவிச்சுக்கொண்டு இருப்பாராம். நாட்டுக்குச் செய்த சேவையை விட அதுதான் எனக்குப் பெரிசாய்த் தெரியுது.

இதோடை முடிப்பம் எண்டு பேனையை மூடப் போனன். இப்ப அம்மா வந்து இந்த அறை வாசலில நிண்டா. கையில அந்தத் தாலித் தட்டு, வெள்ளித் தட்டு, மினுக்கின கை முழுக்கச் சாம்பல். இவ்வளவு நாளும் அந்தத் தட்டை அலுமாரியில இருந்து அவ எடுக்கேல்லை. நான் எழுதிறதை எட்டிப் பார்த்தா, ஆருக்கு எண்டு கேட்கேல்லை. சின்னக் குரலில கேட்டா:

"இஞ்சருங்கோ, சேர்ச்சுக்குள்ள செருப்புக் கழட்ட வேணுமோ? எப்ப எழும்பிறது, எப்ப இருக்கிறது எண்டு எனக்கு ஒண்டும் தெரியாதே. அத்தினை சனத்துக்கு முன்னால நான் பிழையாய் ஏதும் செய்து, பிள்ளைக்குக் குறையாய்ப் போனால்?"

தம்பி, நாங்கள் ரெண்டு பேரும் இவவை என்னெண்டு நினைச்சம். அருளப்பு அண்ணை வீட்டு நம்பரை அடிச்சு, போனை அவவின்ர கையில குடுத்தன். இப்ப குசினியில நிண்டு சம்மந்தியோடை கதைக்கிறா. எந்தக் காலை முதல் வைக்கிறது எண்டும் கேட்கிறா. இப்ப சிரிக்கிறதும் கேட்குது.

இந்தக் கடிதம் உன்ர கைக்கு வர, நீ உடனை வீட்டுக்கு அடி. லைன் எங்கேஜ் எண்டால் வைச்சிடாதை, கொஞ்சம் பொறுத்துத் திரும்ப அடி. நான் எடுக்க மாட்டன், அவ எடுப்பா.

அன்புடன்,
அப்பா